தாயின் கையிருப்பு

மகப்பேறு மருத்துவம் படித்த யாரும் அந்த இடுப்பெலும்பை மறந்திருக்க மாட்டார்கள். வாய்மொழித் தேர்வன்று மேஜையில் நாலைந்து இடுப்பெலும்புகளை வரிசையாக வைத்திருப்பார்கள். அதில் ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்து, "இதிலே என்ன கோளாறு, சொல்லும்மா" என்பார் தேர்வாளர். முதுகெலும்பின் அடிப்பகுதி உள்ளே துருத்திக்கொண்டு, பிள்ளையின் தலை இறங்க வேண்டிய வாசல் முன்பின்னாகக் குறுகியிருக்கும். ரிக்கெட்ஸ் இடுப்பு. சின்ன வயதில் வைட்டமின் டி கிடைக்காமல் இளகிப்போன எலும்பு, உடம்பின் பாரம் தாங்காமல் நசுங்கி, அப்படியே இறுகிவிட்டது. புகை மண்டிய ஐரோப்பிய ஆலை நகரங்களில் ஒரு காலத்தில் இது சாதாரணம். 1888இல் கிளாஸ்கோவில் மர்டோக் கேமரன் செய்த பெயர்பெற்ற சிசேரியன், ரிக்கெட்ஸால் வளர்ச்சி குன்றிய ஒரு பெண்ணுக்குத்தான். காஷ்மீரில் பணியாற்றிய கேத்லீன் வாகன், வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்த பெண்களின் எலும்புக்கும் பிரசவத்துக்கும் என்ன நேர்ந்தது என்பதை 1928இல் ஒரு புத்தகமாகவே எழுதினார்.

நான் வேலைக்கு வந்தது திருநெல்வேலிக்கு மேற்கே, பீடியை நம்பிப் பிழைக்கும் ஊர்கள் சூழ்ந்த ஒரு தாலுகா மருத்துவமனை. அங்கே அந்த இடுப்பு வரவில்லை. வலிதான் வந்தது. "இடுப்பு விட்டுப் போற மாதிரி இருக்கு டாக்டரம்மா." "தொடை ரெண்டும் கடுக்கு." "படுத்தா புரண்டு படுக்க முடியல." கர்ப்பிணி சொல்லும் இடுப்புவலியை யாரும் நோயாக எண்ணுவதில்லை. மாமியார் எண்ணுவதில்லை, செவிலியர் எண்ணுவதில்லை, பல நேரம் டாக்டரும் எண்ணுவதில்லை. வயிறு முன்னால் தள்ளத் தள்ள இடுப்பு வலிக்கத்தான் செய்யும். பெரும்பாலானவர்களுக்கு விஷயம் அத்தோடு முடிந்துவிடும். முடியாதவர்களைக் கண்டுபிடிக்க நான் வைத்திருந்த வழி மிகச் சாதாரணம். தரையில் குத்தவைத்து உட்காரச் சொல்வேன். பிறகு கையை ஊன்றாமல் எழச் சொல்வேன்.

மூன்றாவது பிள்ளையைச் சுமந்து வந்த ஒருத்தியால் அது முடியவில்லை. முப்பது வயது இருக்காது. முன்னால் சாய்ந்து பார்த்தாள். தொடையில் கை வைத்தாள். கடைசியில் மேஜை விளிம்பைப் பற்றி, உடம்பை இழுத்து மேலே ஏற்றினாள். முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலால் அழுத்தினேன், பல்லைக் கடித்துக்கொண்டாள். மார்பெலும்பிலும் அப்படியே. கூட வந்த மாமியாருக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை.

"நாங்கள்லாம் பெறலியா? எட்டு மாசத்துலயும் நடவுக்குப் போனோம்லா."

"நீங்க வயக்காட்டுல கிடந்தீங்க பெரியம்மா. உங்க மருமக பட்டாசல்ல உக்காந்து இலை வெட்டுதா."

"அதுக்கு நான் என்ன செய்ய? கூலி அதுலதான வருது" என்றார். நியாயமான பதில். பீடி இலை காயக் கூடாது. நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைப்பார்கள். தூள் பறக்கக் கூடாது. ஆகவே வெயிலும் காற்றும் படாத இடமாகப் பார்த்து, முறத்தை மடியில் வைத்து, வீட்டு வேலை போக மீதி நேரமெல்லாம் அதே இருப்பு. உச்சிவெயில் தெருவைப் பொரிக்கும்போது அந்த ஊர்ப் பெண்கள் பாதிப் பேர் கூரைக்குக் கீழே இருப்பார்கள்.

இந்த இடத்தில் வழக்கமான ரத்தப் பரிசோதனையை நம்பினால் ஏமாந்துபோவோம். எலும்பு இளகும் நோயில் அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி ஏறும். ஆனால் கர்ப்பத்தில் நஞ்சுக்கொடியும் அதே நொதியைச் சுரப்பதால், நல்ல உடம்புக்காரிக்கும் ஏறித்தான் இருக்கும். கால்சியமோ எல்லோருக்கும் கொஞ்சம் இறங்கிக் காட்டும். ரத்தத்தில் கால்சியத்தைச் சுமந்து திரியும் அல்புமின் கர்ப்பத்தில் நீர்த்துப்போவதுதான் அதற்குக் காரணம். உடம்பு உண்மையில் பயன்படுத்தும் கட்டற்ற கால்சியம் மாறுவதே இல்லை. தாளில் சிவப்பு எழுத்தைப் பார்த்துப் பயந்து ஓடிவருபவர்களுக்கு இதைச் சொல்லித் திருப்பி அனுப்பியதுண்டு.

கர்ப்பத்தில் வைட்டமின் டி என்ன செய்கிறது என்பதைச் சொல்ல ஒரே ஒரு உவமை போதும்: நெல், அரிசி, சோறு. வெயிலின் புற ஊதா பி கதிர் தோலில் பட்டதும் உண்டாகும் டி3தான் நெல். கல்லீரல் அதை அரிசியாக்குகிறது. 25-ஹைட்ராக்சி என்று லேப் தாளில் வரும் பெயர் இதுதான். சிறுநீரகம் அந்த அரிசியைச் சோறாக்குகிறது. அதற்கு கால்சிட்ரியால் என்று பெயர். அரிசி குதிரில் இருக்கும். அதன் பாதி கரைவதற்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். சோறோ மணிக்கணக்கில் தீர்ந்துவிடும். மற்ற நாட்களில் சிறுநீரகம் கேட்டால்தான் சமைக்கும். ரத்தத்தில் கால்சியம் குறைந்ததும் பாராதைராய்டு சுரப்பி ஆள் அனுப்பும், அப்புறம்தான் உலை வைக்கும்.

கர்ப்பத்தில் இந்த முறை மாறிவிடுகிறது. யாரும் கேட்பதற்கு முன்பே சமையல் தொடங்கிவிடுகிறது. மூன்றாம் மாதம் முடிவதற்குள் கால்சிட்ரியால் இரண்டு மடங்காகிவிடும், பிரசவம் வரை ஏறுமுகம்தான். இத்தனைக்கும் பாராதைராய்டு ஹார்மோன் அந்த நேரத்தில் தாழ்ந்தே இருக்கும். பன்னிரண்டாம் வாரத்தில் சிசுவின் நீளம் ஆறு சென்டிமீட்டர்கூட இருக்காது, எலும்புக்கென்று அதற்குத் தேவைப்படுவது ஒன்றுமில்லை. அப்போதே தாயின் குடல், சாப்பாட்டிலுள்ள கால்சியத்தை முன்பைப்போல் இரண்டு பங்கு உறிஞ்சத் தொடங்கிவிடுகிறது. நிறைமாதப் பிள்ளையின் உடம்பில் சேரும் கால்சியம் சுமார் 30 கிராம். அதில் ஐந்தில் நான்கு பங்கு கடைசி மூன்று மாதங்களில் போகிறது. பிரசவம் நெருங்கும் நாட்களில் தினம் 300 மில்லிகிராம் அளவுக்கு, அதாவது ஒரு பெரிய டம்ளர் பாலில் உள்ள கால்சியம் முழுவதையும் பிள்ளையே எடுத்துக்கொள்கிறது. அந்தச் செலவுக்கு ஆறு மாதம் முன்பே உடம்பு ஏற்பாடு செய்துவிடுகிறது. இதில் எனக்கு வியப்பு இன்னும் தீரவில்லை.

ஆனால் சமைக்க அரிசி வேண்டும். கையிருப்பு குறைந்தவளுக்கு குடல் எத்தனை முயன்றாலும் கால்சியம் போதாது. அவளுடைய எலும்பிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். நான் பார்த்த அந்த மூன்றாம் பிள்ளைக்காரியின் தொடைவலி இங்கிருந்து வந்தது. பிள்ளைக்குப் பிள்ளை இடைவெளி குறைவு, ஒவ்வொன்றுக்கும் பால் கொடுத்திருக்கிறாள், மூன்று வேளையும் சோறும் ரசமும். பால் கொடுக்கும் காலத்தில் தாயின் எலும்பு கரைவது இயற்கையே. அதற்கு வைட்டமின் டி காரணமும் அல்ல, அதைக் கொடுத்து நிறுத்தவும் முடியாது. பால் மறந்த பிறகு சில மாதங்களில் எலும்பு தானே மீண்டுவிடும். இவளுக்கு மீள்வதற்கு நாளும் கிடைக்கவில்லை, சத்தும் கிடைக்கவில்லை. மாத்திரை தொடங்கி ஆறேழு வாரத்தில் மேஜையைப் பிடிக்காமல் எழுந்தாள். அந்த நோயில் இது புதிதல்ல. எலும்பு இளகிய நோய்க்குக் கிடைப்பதுபோல் நன்றியுள்ள வைத்தியம் எங்கள் தொழிலில் குறைவு.

அப்படியானால் பிள்ளை? அம்மாவின் எலும்பு வலிக்கும்போது பிள்ளையின் எலும்பு வளைந்திருக்க வேண்டுமே என்றுதான் எவருக்கும் தோன்றும். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. நஞ்சுக்கொடி கால்சியத்தைத் தானே பம்ப் செய்து பிள்ளைக்கு அனுப்புகிறது. வயிற்றிலுள்ள பிள்ளையின் ரத்தத்தில் தாயைவிடக் கால்சியம் அதிகம். அந்த பம்பை ஓட்டுவதற்கு வேறு ஹார்மோன்கள் இருக்கின்றன. வைட்டமின் டி அவசியமில்லை. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் கிறிஸ்டோபர் கோவாக்ஸ் பல்லாண்டுகளாகச் செய்த எலி ஆராய்ச்சிகள் இதைத் தெளிவாகக் காட்டின. வைட்டமின் டி ஏற்பியே இல்லாத சிசுகூட, பிறக்கும்போது சரியான எலும்போடு பிறந்தது. நம்மூருக்குப் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. மைசூரு ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனைக்கு வந்த கர்ப்பிணிகளில் மூன்றில் இரண்டு பேருக்கு வைட்டமின் டி அளவு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தது என்று 2009இல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஆனால் குறைவாக இருந்தவர்கள் பெற்ற பிள்ளைகள் அளவில் சிறுத்துப் பிறக்கவில்லை.

பிள்ளைக்கு வைட்டமின் டி தேவைப்படுவது தொப்புள்கொடி அறுந்த பிறகுதான். அதுவரை பம்ப் கொடுத்தது நின்றுவிடும். இனி பால் குடித்து, தன் குடலால் உறிஞ்சி, தன் சிறுநீரகத்தில் சமைத்து, தன் கால்சியத்தைத் தானே தேடிக்கொள்ள வேண்டும். அதற்கான கையிருப்பு தாயிடமிருந்து வந்ததுதான். 25-ஹைட்ராக்சி நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்குப் போகும், தாய்க்கு இருப்பதைவிடக் கொஞ்சம் குறைவாக. தாயிடம் இல்லையென்றால் பிள்ளைக்கும் இல்லை. தாய்ப்பாலில் வரும் என்று நினைத்துவிட வேண்டாம். தாய்ப்பாலில் எத்தனையோ உண்டு, ஆனால் வைட்டமின் டி மிகச் சொற்பம்.

எனவே ஆபத்து வருவது, எல்லோரும் நிம்மதியாக மூச்சுவிட்ட பிறகு. பிறந்து ஏழாவது எட்டாவது நாளில், மூன்று கிலோ எடையுள்ள, நன்றாகப் பால் குடித்துக்கொண்டிருந்த பிள்ளையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள். "பிள்ளைக்கு வெட்டு வந்துட்டும்மா." பாட்டி தோஷம் என்பார், தர்காவில் ஓதிக் கயிறு கட்டியிருக்கும். ஒரு கையும் ஒரு காலும் விட்டுவிட்டு இழுக்கும். இழுப்பு நின்றதும் பிள்ளை முழித்துக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோல் பாலுக்கு வாய் திறக்கும். குழந்தை மருத்துவர் முதலில் குதிகாலில் குத்திச் சர்க்கரை பார்ப்பார். சரியாக இருக்கும். காய்ச்சல் இராது. கால்சியம் அனுப்பினால் ஆறு என்று தாழ்ந்து வரும். கால்சியம் குளுக்கோனேட்டை அவர் ஊசியில் ஏற்றுவதைப் பார்த்திருக்கிறேன்: பத்து நிமிடம், துளித்துளியாக, ஒரு கண் மானிட்டரில், ஒரு கண் பிள்ளையின் கையில். வேகமாகப் போனால் இதயத் துடிப்பு தாழும். ரத்தக்குழாய்க்கு வெளியே கசிந்தால் தோல் வெந்துபோகும்.

அதற்கப்புறம் என்னைக் கூப்பிடுவார், தாயைப் பார்க்கச் சொல்லி. அவளுக்கு ஒரு புகாரும் இருக்காது. சுகப்பிரசவம், ரத்த அழுத்தம் சரி, கர்ப்பத்தைப் பதிந்த பிக்மி நம்பர் முதல் கடைசி ஸ்கேன் வரை கார்டில் எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கும். வைட்டமின் டி அளவு பார்த்தால் ஒற்றை இலக்கத்தில் வரும். "கால்சியம் மாத்திரை போட்டியாம்மா?" என்றால் தலை குனிவாள். பெரிசா இருக்கு, தொண்டையில நிக்கு, வாந்தி வருது.

அந்த மாத்திரையைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அரசு கொடுக்கும் வெள்ளை மாத்திரை ஒன்றில் 500 மில்லிகிராம் கால்சியமும் 250 யூனிட் வைட்டமின் டி3யும் உண்டு. நாலாம் மாதம் தொடங்கி, தினம் இரண்டு, பிரசவத்துக்குப் பிறகும் ஆறு மாதம் வரை என்பது 2014இல் வந்த தேசிய வழிகாட்டுதல். ஆக ஒரு நாளைக்கு 500 யூனிட். வெயில் படாதவர்களுக்கு நாளொன்றுக்கு 600 யூனிட் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் சொன்னதோடு ஒப்பிட்டால் அதிகம் பின்தங்கவில்லை. எனக்குத் தெரிந்த மிக நல்ல வைட்டமின் டி வைத்தியம் இதுதான். ஒரே நிபந்தனை, அது வயிற்றுக்குள் போக வேண்டும். இரும்பு மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால் ஒன்றையொன்று தடுக்கும். நான் சொல்வது இப்படி: காலை இட்லி தின்றதும் பாதி பாதியாக ஒடித்து ஒன்று, மதியச் சோற்றுக்குப் பிறகு ஒன்று, இரும்பு ராத்திரி படுக்கும் முன். "ரெண்டையும் ஒண்ணா முழுங்கிட்டுப் போயிரலாம்னு பாக்காதே தாயி" என்று கிராம சுகாதார செவிலியர் ஒருவர் வீட்டு வாசலிலேயே நின்று சொல்வார். என் ஆலோசனையைவிட அவருடைய குரல் அதிகம் வேலை செய்தது.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் ஒன்று இருக்கிறது: 60,000 யூனிட் பொடிப் பாக்கெட். பாலில் கலந்து வாரம் ஒன்று, எட்டு வாரம் என்று எழுதித்தருவார்கள். ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி ஓயாத வாந்தியோடு வந்தாள். மசக்கைதான் திரும்பிவிட்டது என்று வீட்டில் இஞ்சிச் சாறு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அடங்காத தாகம், மலம் போய் நாலு நாள், பேச்சில் ஒரு குழறல். கால்சியம் பதிமூன்றுக்கு ஏறியிருந்தது. கணவர் பையைக் கவிழ்த்தபோது காலிப் பாக்கெட்டுகள் கட்டாக விழுந்தன. வாரம் ஒன்று என்பதைத் தினம் ஒன்று என்று பிடித்துக்கொண்டு, தீரத்தீர வாங்கியிருக்கிறார். மருந்துக்கடையில் யாரும் கேட்கவில்லை. சலைன் ஏற்றி, பால் தயிரைக்கூட நிறுத்தி இறக்கினோம். சீக்கிரம் இறங்கவில்லை. கொழுப்பில் தங்கிவிடும் சத்து, அது இஷ்டத்துக்குத்தான் வெளியே வரும். இந்தப் பாக்கெட்டைக் கர்ப்பிணிக்கு எழுதும்போது கிழமையின் பெயரையும் எழுத வேண்டும் என்பது அன்றிலிருந்து எங்கள் வார்டின் வழக்கம்: "வெள்ளிக்கிழமை மட்டும்."

பரிசோதனை மோகமும் இதோடு சேர்ந்ததுதான். வளைகுடாவில் வேலை பார்க்கும் கணவர் அனுப்பிய பணத்தில் ஒரு பெண் விலையுயர்ந்த பரிசோதனை செய்துகொண்டு வந்தாள். தாளில் வைட்டமின் டி எக்கச்சக்கம் என்று இருந்தது. மாத்திரையை நிறுத்தவும் செய்துவிட்டாள். உற்றுப் பார்த்தால் அளந்திருப்பது 1,25, அதாவது சோற்றை. கர்ப்பத்தில் அது ஏறித்தான் இருக்கும், குதிர் காலியாக இருக்கும்போதும் ஏறலாம். பக்கத்தில் அச்சிட்ட இயல்பு அளவு கர்ப்பமில்லாதவர்களுக்கானது. அளப்பதென்றால் அரிசியைத்தான் அளக்க வேண்டும். அதையும் எல்லோருக்கும் அளக்க வேண்டியதில்லை. 2011இல் 30 நானோகிராம் வேண்டும் என்று சொன்ன அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் சங்கமே 2024இல் அந்த இலக்கைக் கைவிட்டது. கர்ப்பிணிகளுக்கு அளந்து பார்க்காமலே மாத்திரை கொடுக்கலாம் என்று பரிந்துரைத்தது. உலக சுகாதார நிறுவனமோ எல்லோருக்கும் தனியாக வைட்டமின் டி கொடுக்கத் தேவையில்லை என்கிறது, குறைவு இருக்கும் என்று தோன்றினால் தினம் 200 யூனிட் போதும் என்கிறது. வைட்டமின் டி கொடுத்தால் பிள்ளை நெடுநெடுவென்று வளரும் என்ற நம்பிக்கையை டாக்காவில் 1,300 பெண்களிடம் நடந்து 2018இல் வெளியான சோதனை கலைத்துவிட்டது. வாரம் 28,000 யூனிட் வரை கொடுத்தும் ஒரு வயதில் பிள்ளைகளின் உயரத்தில் வித்தியாசம் இல்லை. நான் அளக்கச் சொல்வது சிலருக்குத்தான்: குத்தவைத்து எழ முடியாதவள், வலிப்புக்கு ஃபெனிடாயின் தின்பவள், முந்தின பிள்ளைக்கு வெட்டு வந்தவள்.

வெயில்? எல்லோரும் இளவெயிலைச் சொல்வார்கள். காலை ஏழு மணி வெயில் இதமாக இருக்கும், அதில் புற ஊதா பி கிட்டத்தட்ட இல்லை. சாய்ந்து வரும் கதிரை வளிமண்டலம் வடிகட்டிவிடும். திருப்பதியில் ஹரிநாராயண் குழுவினர் அளந்து பார்த்ததில், தோலில் வைட்டமின் டி நன்றாக உண்டாவது பதினொன்றிலிருந்து இரண்டு மணி வரை. நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக விழும் நேரம். கறுத்த தோலுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல் நேரம் வேண்டும், ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தால் பலனே இல்லை. சித்திரை மாதத்து உச்சிவெயிலில் எட்டு மாதக்காரியை நில் என்று என்னால் சொல்ல முடியவில்லை. சொன்னாலும் நிற்க மாட்டாள், நிற்கவும் வேண்டாம். துணி காயப்போடும் வேலையை உச்சிக்குத் தள்ளச் சொல்வதோடு விட்டுவிடுவேன். மீதியை மாத்திரை பார்த்துக்கொள்ளும். சாப்பாட்டில் வைட்டமின் டி தேடுவதும் வீண் அலைச்சல்தான், சாளை மீனும் முட்டைக் கருவும் கொஞ்சம் தரும். கால்சியத்துக்குத்தான் சாப்பாடு: கேப்பைக் கூழ், மோர், முள்ளோடு மெல்லும் நெத்திலி.

பிரசவ வார்டிலிருந்து அனுப்பும் நாளில் பிள்ளைக்கு டி3 சொட்டு மருந்து எழுதுவோம்: நாளொன்றுக்கு 400 யூனிட், ஒரு வயது வரை. பாட்டிமார் இதை ஏற்பதில்லை. "தாய்ப்பாலுக்கு மேல என்ன மருந்து?" என்பார்கள். அதைவிடப் பெரிய சங்கடம் சீசாவில் இருக்கிறது. ஒரு மில்லியில் 400 யூனிட் உள்ள சீசாவும் விற்கிறது, 800 உள்ளதும் விற்கிறது. அட்டைப்பெட்டி இரண்டும் ஒரே மாதிரி. முந்தின சீசா தீர்ந்து, கடைக்காரர் மற்றதைக் கொடுத்தால் அளவு இரட்டிப்பாகும் அல்லது பாதியாகும். ஆகவே டிஸ்சார்ஜ் தாளோடு சீசாவையும் கொண்டுவரச் சொல்லி, சொட்டுக்குழாயில் எந்தக் கோடு வரை என்று அழியாத மையால் வட்டம் போட்டுக் கொடுப்போம். அடுத்த சீசா வாங்கினால் ஊற்றும் முன் தடுப்பூசிக்கு வரும்போது எடுத்து வா என்று சொல்லி அனுப்புவோம். பெரும்பாலும் எடுத்து வருகிறார்கள்.